தகவல் பாதுகாப்புத் தேர்வுகளில் தேர்வாளர் தேடுவது என்ன?

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், 1970களின் இறுதியில், கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் மின்னணுத் தொழில்களுக்கென ஒரு நகரை அமைக்க முற்பட்டது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் தனது வடிவமைப்பு மையத்தைத் தொடங்கிற்று. 1991இல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இவற்றைத் தொடர்ந்து, உலகின் பல நாடுகளைச் சேர்ந்த வங்கிகள், மருத்துவமனைகள், காப்பீட்டு நிறுவனங்கள் ஆகியவற்றின் கணக்குகளையும் ஆவணங்களையும் கையாளும் பணி இந்நகருக்கு வந்து சேர்ந்தது. தொழில் வளர்ந்த இடத்தில் அத்தொழிலைச் சார்ந்த குற்றமும் தலைகாட்டுவது இயல்பே. கணிப்பொறிக் குற்றங்களை விசாரிப்பதற்கென நாட்டிலேயே முதன்முதலாகத் தனிக் காவல் நிலையம் 2001இல் அமைக்கப்பட்டதும் இதே பெங்களூரில்தான்.

இன்று இந்நகரில் மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் பயிற்சிக் கூடங்களை நிரப்பும் இளைஞர்களில் கணிசமானோர் தகவல் பாதுகாப்புத் துறையில் தகுதிச் சான்று பெற விழைபவர்கள். கோலாரிலிருந்தும் ராய்ச்சூரிலிருந்தும், தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து இங்கே பணி புரிபவர்கள் அவர்களில் உண்டு. பல்லாண்டு அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் இத்தேர்வில் தோல்வியுறுவதையும், அவரைவிடக் குறைந்த தொழில்நுட்ப அறிவுடைய கணக்குத் தணிக்கையாளர் ஒருவர் முதல் முறையிலேயே தேறிவிடுவதையும் இக்கூடங்களில் காணலாம். இதை அதிர்ஷ்டத்தின் விளையாட்டு என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. தேர்வாளர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளாமையே இதற்குப் பெரும்பாலும் காரணம். அதைத் தெளிவாக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

சான்று எதற்காக?

முதலில், இத்தகைய தேர்வு ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பொருளாதார நோக்கில் காண்பது பயனளிக்கும். 1970இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப், பழைய மோட்டார் கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கருத்தை வெளியிட்டார். காரின் குறைநிறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு நீடிக்குமானால், நல்ல பொருளுக்கு உரிய விலை கிடைக்காமல் அது சந்தையைவிட்டே விலகிவிடும் என்பது அவர் கண்ட முடிவு. 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ், வேலைச் சந்தையில் கல்விச் சான்றிதழ் எவ்வாறு ஓர் அறிகுறியாகப் பயன்படுகிறது என்பதை விளக்கினார். இவ்விருவரும் ஜோசப் ஸ்டிக்லிட்சும் 2001ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

தகவல் பாதுகாப்புத் துறைக்கு இக்கருத்து மிகவும் பொருந்தும். ஒரு பாலம் கட்டும் பொறியாளர் தவறு செய்தால் விரிசல் கண்ணுக்குத் தெரியும். ஒரு கூட்டுறவு வங்கியின் கணிப்பொறிகளைப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்றவர் தம் கடமையைச் சரிவரச் செய்தாரா என்பதை அவ்வங்கியின் நிர்வாகக் குழுவினர் அறிய வழியில்லை. திருட்டு நடக்கும் நாள்வரை நல்ல பாதுகாப்பும் போலிப் பாதுகாப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே, தகுதியை அறிந்து சொல்ல நடுநிலையான மூன்றாவது தரப்பு ஒன்று தேவைப்படுகிறது.

இத்தேவையை உணர்ந்தவர்களுள் கணக்குத் தணிக்கையாளர்கள் முன்னோடிகள் ஆவர். இன்று ஐசாக்கா என்று வழங்கும் சங்கம், கணிப்பொறிக் கணக்குகளைத் தணிக்கை செய்தோரால் 1969இல் அமெரிக்காவில் நிறுவப்பட்டது. தகவல் அமைப்புத் தணிக்கையாளருக்கான சி.ஐ.எஸ்.ஏ. என்னும் சான்றுத் திட்டத்தை அச்சங்கம் 1978இல் வகுத்து, 1981இல் முதல் தேர்வை நடத்திற்று. 1989இல் தோன்றிய ஐ.எஸ்.சி.2 என்னும் அமைப்பு, பாதுகாப்பு வல்லுநர்களுக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றை 1994இல் தொடங்கியது. பாதுகாப்பு நிர்வாகிகளுக்கென ஐசாக்கா பின்னர் சி.ஐ.எஸ்.எம். என்ற தேர்வையும் ஏற்படுத்தியது. பெங்களூர் இளைஞர்கள் பெரிதும் நாடுவன இம்மூன்றே.

வினாத்தாள் உருவாகும் விதம்

இத்தேர்வுகளின் பாடத்திட்டம் பல்கலைக்கழகப் பாடநூலிலிருந்து எடுக்கப்படுவதில்லை. துறையில் பணிபுரிவோர் நாள்தோறும் செய்யும் பணிகள் யாவை, அவற்றுள் எது எவ்வளவு முக்கியம் என்பதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆராய்ந்து, அதற்கேற்பவே மதிப்பெண் பங்கீடு செய்யப்படுகிறது. 2024இல் திருத்தப்பட்ட சி.ஐ.எஸ்.ஏ. தேர்வில் தணிக்கை முறைக்கு 18 சதவீதமும், நிர்வாக மேற்பார்வைக்கு 18 சதவீதமும், புதிய அமைப்புகளை வாங்குதல், உருவாக்குதல் ஆகியவற்றுக்கு 12 சதவீதமும், அன்றாட இயக்கத்துக்கும் இடையூறுகளிலிருந்து மீளும் திறனுக்கும் 26 சதவீதமும், தகவல் சொத்துகளின் பாதுகாப்புக்கு 26 சதவீதமும் ஒதுக்கப்பட்டுள்ளன. பூட்டு, சாவி, சங்கேதக் குறிமுறை போன்ற தொழில்நுட்பச் செய்திகள் பெரும்பாலும் கடைசிப் பகுதியில் அடங்கும். அதாவது, தொழில்நுட்பத்தை மட்டுமே கற்று வருபவர் வினாத்தாளின் பெரும்பகுதிக்குத் தயாராகாமலே தேர்வுக் கூடத்துக்குள் நுழைகிறார்.

எட்டுப் பகுதிகளைக் கொண்ட சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்விலும், 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 16 சதவீதத்துடன் முதலிடம் பெறுவது பாதுகாப்பு, இடர் நிர்வாகம் பற்றிய பகுதியே. சி.ஐ.எஸ்.எம். தேர்விலோ, பாதுகாப்புத் திட்டத்தை வகுத்து நடத்துவதற்கு 33 சதவீதமும், அசம்பாவிதங்களைக் கையாள்வதற்கு 30 சதவீதமும் அளிக்கப்படுகின்றன.

தேர்ச்சிக்குரிய எல்லையை எவ்வாறு வகுக்கிறார்கள் என்பதும் அறியத்தக்கது. தொழில் தகுதித் தேர்வுகளில் பரவலாகக் கையாளப்படும் ஒரு முறை, வில்லியம் ஆங்காஃப் 1971இல் எடுத்துரைத்த கருத்திலிருந்து வளர்ந்ததாகும். துறை வல்லுநர்கள் சிலர் ஒன்றுகூடி, இப்பணிக்கு எவ்வளவு தகுதி இருந்தால் போதும் என்று முதலில் முடிவு செய்கிறார்கள். அந்தக் குறைந்தபட்சத் தகுதியை மட்டுமே பெற்றவர்கள் நூறு பேர் இருந்தால், இந்த வினாவுக்கு அவர்களில் எத்தனை பேர் சரியான விடை அளிப்பார்கள் என்று ஒவ்வொரு வினாவையும் மதிப்பிடுகிறார்கள். அம்மதிப்பீடுகளின் தொகுப்பே தேர்ச்சி எல்லைக்கு அடிப்படையாகிறது. இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். தேர்வாளர் தேடுவது மேதையை அல்ல. நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கத்தக்க ஒருவரையே.

சி.ஐ.எஸ்.ஏ. தேர்வில் 150 வினாக்களுக்கு 4 மணி நேரம் தரப்படுகிறது. 200 முதல் 800 வரையான அளவுகோலில் 450 பெற்றால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆகவே எவ்வினாவையும் விடுத்து வருவதில் பயனில்லை. சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்விலோ, எழுதுபவரின் திறனுக்கு ஏற்ப அடுத்த வினாவைக் கணிப்பொறியே தேர்ந்தெடுக்கிறது. 100 முதல் 150 வினாக்கள் வரை வரலாம். நேரம் 3 மணி. விடையளித்த வினாவுக்கு மீண்டும் திரும்ப இயலாது. இவற்றுள் 25 வினாக்கள் எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. அவை எவை என்பது எழுதுபவருக்குத் தெரியாது.

தேர்வாளர் தேடும் நான்கு பண்புகள்

வினாக்கள் யாவும் வெறும் நினைவாற்றலைச் சோதிப்பவை என்று கருதுவது பெருந்தவறு. நான்கு விடைகளுள் இரண்டோ மூன்றோ ஓரளவு சரியாகவே தோன்றும். "முதலில் செய்ய வேண்டியது எது?", "மிக முக்கியமானது எது?", "மிகச் சிறந்த சான்று எது?" என்ற சொற்களில்தான் வினாவின் உயிர் இருக்கிறது. இத்தகைய வினாக்களை ஆராய்ந்தால், தேர்வாளர்கள் நான்கு பண்புகளைத் தேடுவது புலனாகும்.

முதலாவது, வரிசை அறிதல். ஒரு மருத்துவமனையின் கணிப்பொறி ஒன்று, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீய மென்பொருளால் தாக்கப்படுகிறது என வைத்துக்கொள்வோம். அதை வலையமைப்பிலிருந்து துண்டிக்கலாம். உள்ளிருப்பதையெல்லாம் அழித்து மென்பொருளை மீண்டும் நிறுவலாம். காப்பு நகலிலிருந்து கோப்புகளை மீட்கலாம். குற்றவாளியைத் தேடத் தொடங்கலாம். இவற்றுள் பலவும் எப்போதேனும் செய்ய வேண்டியவையே. ஆனால் முதலில் செய்ய வேண்டியது, நோய் மற்றக் கணிப்பொறிகளுக்குப் பரவாமல் துண்டிப்பதாகும். அவசரப்பட்டு அழித்தால் தடயமும் உடன் அழிந்துவிடும். துண்டிக்கும் முன்பே காப்பு நகலை இணைத்தால் அதுவும் பாழாகும். 2022 நவம்பரில் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டபோது, நோயாளிகளின் பதிவு உள்ளிட்ட பணிகளைப் பல நாட்கள் கையாலேயே செய்ய நேர்ந்தது. அத்தகைய வேளையில் கலங்காமல் வரிசை அறிந்து செயல்படுபவர் யார் என்பதையே வினா தேடுகிறது. கணிப்பொறி அறையில் தீப்பிடித்தால் எதை முதலில் காக்க வேண்டும் என்ற வினாவுக்கும், தகவலையோ இயந்திரத்தையோ சுட்டாமல், மனித உயிரைச் சுட்டுபவரே தேர்வார்.

இரண்டாவது, பொறுப்பின் எல்லையை அறிதல். அனுபவமிக்க பொறியாளர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இவ்விடத்தில்தான். குறையைக் கண்டதும் தாமே சரிசெய்துவிட அவர்களுடைய கைகள் துடிக்கின்றன. ஆனால் தணிக்கையாளர் தாம் தணிக்கை செய்யும் அமைப்பைத் தாமே திருத்தினால், பிறகு தம் வேலையையே தாம் தணிக்கை செய்தவராகிவிடுவார். அதுபோன்றே, ஓர் இடரை ஏற்பதா தவிர்ப்பதா என்று முடிவு செய்யும் உரிமை, அந்தத் தொழிலுக்குப் பொறுப்பான நிர்வாகத்துக்கு உரியது. பாதுகாப்பு அலுவலர் இடரை அளந்து, வழிவகைகளை எடுத்துரைத்து, முடிவைச் செயல்படுத்த வேண்டுமேயன்றி, நிர்வாகத்தின் இடத்தில் தாம் அமர்ந்துகொள்ளலாகாது.

மூன்றாவது, சான்றில் உறுதி. ஒரு கூட்டுறவு வங்கியில் ஆறு மாதங்களுக்கு முன் பணியிலிருந்து விலகிய எழுத்தரின் கணிப்பொறி அனுமதி இன்னும் நீக்கப்படாமல் இருப்பதைத் தணிக்கையாளர் காண்கிறார். மேலாளர் அக்கணமே அதை நீக்கச் செய்து, "சரிசெய்தாயிற்று, அறிக்கையில் சேர்க்க வேண்டாமே" என்று கேட்டுக்கொள்கிறார். தணிக்கையாளர் என்ன செய்ய வேண்டும்? குறையையும் அறிக்கையில் எழுத வேண்டும். அது திருத்தப்பட்டதையும் எழுத வேண்டும் என்பதே விடை. ஏனெனில் இங்கே கண்டறியப்பட்ட குறை ஓர் எழுத்தரின் அனுமதி மட்டுமன்று. பணியாளர் விலகும்போது அச்செய்தி கணிப்பொறிப் பிரிவை எட்டுவதில்லை என்பதே உண்மையான குறை. அது நீடிக்கும்வரை நாளை வேறொருவரின் அனுமதியும் அவ்வாறே நின்றுபோகும். வாய்மொழி உறுதியைக் காட்டிலும் தாமே நேரில் சரிபார்த்த ஆவணம் வலிமையானது என்பதும் இவ்வகையில் அடிக்கடி சோதிக்கப்படும் கருத்தாகும்.

நான்காவது, அளவறிதல். இரண்டு லட்சம் ரூபாய் இழப்பைத் தடுக்கப் பத்து லட்சம் ரூபாய்க்குக் கருவி வாங்கப் பரிந்துரைப்பவர் நல்ல பாதுகாப்பு அலுவலர் அல்லர். ஒரு தகவலின் மதிப்பு என்ன, அதற்கு நேரக்கூடிய தீங்கு எத்தகையது, அது நிகழும் வாய்ப்பு எவ்வளவு என்பனவற்றை நிறுத்துப் பார்த்து, அதற்கேற்ற செலவை முன்மொழிய வேண்டும். வளரும் நாடு ஒன்றின் சிறு வங்கிகளுக்கும் நகராட்சிகளுக்கும் இப்பண்பு மிகவும் இன்றியமையாதது. அளவுக்கு மிஞ்சிய பாதுகாப்பும் பொதுப் பணத்தின் விரயமே.

இந்நான்கையும் தொகுத்து நோக்கினால், தேர்வாளர் தேடுவது கருவியைக் கையாளும் கையை மட்டுமன்று, நிதானமான நிர்வாக மதியையும் என்பது தெளிவாகும். "எங்கள் அலுவலகத்தில் இப்படித்தான் செய்வோம்" என்று விடை எழுதுபவர் தோல்வியுறுவதும், அந்த அலுவலகத்தில் நடப்பது சரிதானா என்று எண்ணிப் பார்ப்பவர் தேறுவதும் இதனாலேயே.

செய்முறைத் தேர்வும் அறிக்கையும்

விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளுக்கு ஓர் எல்லை உண்டு. நீச்சலைப் பற்றிய வினாக்களுக்கு விடை சொல்பவர் நீந்துவார் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே செய்முறைத் தேர்வுகளும் வழக்கிலுள்ளன. ஓ.எஸ்.சி.பி. என்னும் தேர்வில், ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள், தேர்வுக்கென அமைக்கப்பட்ட கணிப்பொறிகளின் பலவீனங்களைக் கண்டு உட்புகுந்து காட்ட வேண்டும். அதன்பின் மேலும் 24 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கை அளிக்க வேண்டும். உட்புகும் வித்தையில் வென்றவரும், தாம் செய்ததைப் பிறர் படித்துத் திரும்பச் செய்து பார்க்கும்படி எழுதாவிடில் மதிப்பெண் இழப்பார்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஏற்பாடு உண்டு. 2004 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய இந்தியக் கணிப்பொறி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், அரசுத் துறைகளும் முக்கிய நிறுவனங்களும் தம் அமைப்புகளைத் தணிக்கை செய்துகொள்வதற்காகத் தணிக்கை நிறுவனங்களின் பட்டியல் ஒன்றைப் பராமரித்து வருகிறது. அதில் இடம்பெற விரும்பும் நிறுவனம் ஆவணங்களைச் சமர்ப்பித்தால் மட்டும் போதாது. குறைகள் வேண்டுமென்றே வைக்கப்பட்ட சோதனை அமைப்புகளை ஆராய்ந்து அவற்றைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். நேர்முகச் சந்திப்பிலும் தன் திறனை நிலைநாட்ட வேண்டும். இங்கும் தேர்வாளர்கள் ஒன்றைக் கவனிக்கிறார்கள்: கருவி தானாக அச்சிட்டுத் தந்த நூறு பக்கப் பட்டியலை அப்படியே அளிப்பவருக்கும், அவற்றுள் எவை மெய்யான குறைகள், எவை வெறும் ஐயங்கள் என்று பகுத்து, மேலதிகாரிக்கு விளங்கும் நடையில் எழுதுபவருக்கும் உள்ள வேறுபாட்டை.

தேர்வுக்குப் பின்னும் தொடரும் கடமை

வினாத்தாளில் வெற்றி பெற்றவுடன் சான்று கைக்கு வந்துவிடுவதில்லை. மேற்கூறிய மூன்று சான்றுகளுக்கும் பொதுவாக ஐந்தாண்டு அனுபவம் கோரப்படுகிறது. சில கல்வித் தகுதிகளுக்கு இதில் ஓரளவு விலக்கு உண்டு. அனுபவத்தை மற்றவர் உறுதிசெய்ய வேண்டும். ஒழுக்க விதிகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். அவற்றை மீறினால் சான்று பறிக்கப்படலாம். மூன்று ஆண்டுகளில் 120 மணி நேரம் தொடர்கல்வி பெற்றிருக்க வேண்டும். காலம் மாறும் துறையில் ஒருமுறை கற்றது வாழ்நாள் முழுவதும் போதாது என்பதே இவ்விதியின் கருத்து.

இந்நாட்டின் சட்டங்கள் மாறிவந்துள்ளதே இதற்குத் தக்க உதாரணம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் இயற்றப்பட்டு 2008இல் திருத்தப்பட்டது. ரிசர்வ் வங்கி 2016 ஜூன் மாதத்தில் வங்கிகளுக்கான சைபர் பாதுகாப்பு நெறிமுறைகளை வெளியிட்டது. குறிப்பிட்ட வகையான அசம்பாவிதங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், கணிப்பொறிப் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்றும் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கும் சட்டம் 2023இல் நிறைவேறியது. வெளிநாட்டு அமைப்புகளின் வினாத்தாள்கள் உலகப் பொதுவானவை; இச்சட்டங்களை அவை கேட்பதில்லை. ஆனால் சான்று பெற்றவர் பெங்களூரிலோ சென்னையிலோ பொறுப்பேற்கும் முதல் நாளே இவற்றை அறிந்திருந்தாக வேண்டும்.

குறுக்கு வழியின் விலை

இத்தேர்வுகளுக்குரிய கட்டணம் சிறியதன்று. சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்வுக்கு 700 அமெரிக்க டாலருக்கு மேல் செலுத்த வேண்டும். நம் நாணயத்தில் 60,000 ரூபாயைத் தாண்டும். பயிற்சிக் கட்டணம் வேறு. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் பெற்றோரின் சேமிப்பிலிருந்தோ கடன் வாங்கியோ இதைக் கட்டுகிறார். தோற்றால் மீண்டும் முழுக் கட்டணம். இந்த அச்சத்தைப் பயன்படுத்தி, முந்தைய வினாக்கள் என்று சொல்லித் திருட்டுத் தொகுப்புகளை விற்கும் வாணிபம் நடைபெறுகிறது. அவற்றை வாங்குவது தேர்வு விதிகளை மீறுவதாகும். கண்டறியப்பட்டால் தேர்வு முடிவு ரத்தாகும். வருங்காலத் தேர்வுகளுக்கும் தடை வரும். நேர்மையைத் தொழிலாகக் கொள்ளவிருப்பவர் அத்தொழிலின் வாசற்படியிலேயே நேர்மையை விட்டுவிடுவது எத்தகைய முரண்!

இதில் இழப்பு எழுதுபவருக்கு மட்டுமே என்று எண்ணலாகாது. 2018 ஆகஸ்ட் மாதத்தில் புனே நகரின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் நிகழ்ந்ததை இங்கே நினைவுகூர்வது தகும். ஏ.டி.எம். பரிவர்த்தனைகளுக்கு ஒப்புதல் அளிக்கும் அமைப்பைத் தாக்கியவர்கள், போலி அட்டைகளைக் கொண்டு 28 நாடுகளில் பணம் எடுத்தனர். வெளிநாட்டுப் பணப்பரிமாற்ற வழியாகவும் ஒரு தொகையைக் கடத்தினர். மொத்தத்தில் 94 கோடி ரூபாய்க்கு மேல் பறிபோயிற்று. கூட்டுறவு வங்கி என்பது சிறு வணிகரும் ஓய்வூதியரும் குடும்பத் தலைவியும் தம் சேமிப்பை இட்டுவைக்கும் இடம். அதைக் காக்கும் பொறுப்பில் மனப்பாடத்தால் தேறிய ஒருவர் அமர்ந்தால், அவரது அறியாமையின் விலையைச் செலுத்துபவர்கள் இவர்களே. அகர்லாஃப் சுட்டிய ஆபத்தும் இதுதான். போலிச் சான்று பெருகினால் மெய்ச் சான்றுக்கும் மதிப்புக் குறையும்; உழைத்துக் கற்றவர் தம் உழைப்புக்கு உரிய ஊதியத்தை இழப்பார்.

செய்யத்தக்கவை

இந்நிலையில் பெங்களூர் நகருக்குச் சிறப்பான வாய்ப்புகள் உள்ளன. 1909இல் நிறுவப்பட்ட இந்திய விஞ்ஞானக் கழகத்தைத் துணையாகக் கொண்டு, கர்நாடக அரசின் சைபர் பாதுகாப்புச் சிறப்பு மையம் இயங்கி வருகிறது. சி-டாக் நிறுவனத்தின் பெங்களூர் மையம் இத்துறையில் முதுநிலைப் பட்டயப் பயிற்சி அளித்து வந்துள்ளது. தகவல் பாதுகாப்புக் கல்வி, விழிப்புணர்வுத் திட்டத்தை மத்திய அரசு 2005 முதல் கட்டம் கட்டமாக நிறைவேற்றி வருகிறது. இந்த அடித்தளத்தின்மேல் சில பணிகள் நடைபெற வேண்டும்.

முதலாவதாக, மொழித் தடையைக் கருதிப் பார்க்க வேண்டும். சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்வை ஜப்பானிய, சீன, ஸ்பானிய, ஜெர்மன் மொழிகளிலும் எழுதும் வசதி ஏற்படுத்தப்பட்டுள்ளது. இந்திய மொழி எதற்கும் அவ்வசதி கிட்டவில்லை. நுட்பமான சொல் வேறுபாட்டையே உயிராகக் கொண்ட வினாவைக் கன்னடத்திலோ தமிழிலோ கல்வி கற்ற இளைஞர் ஆங்கிலத்தில் எதிர்கொள்கையில், அவரது பாதுகாப்பு அறிவு சோதிக்கப்படுகிறதா, ஆங்கில அறிவு சோதிக்கப்படுகிறதா என்ற ஐயம் எழுவது நியாயமே. நம் நாட்டுச் சட்டங்களை உள்ளடக்கி, நம் மொழிகளில் எழுதக்கூடிய, செய்முறையுடன் கூடிய பொதுத் தேர்வு ஒன்று வகுக்கப்படுமானால், மாவட்டக் கூட்டுறவு வங்கிகளுக்கும் உள்ளாட்சி அலுவலகங்களுக்கும் தகுதியானவர்கள் கிடைப்பார்கள்.

இரண்டாவதாக, ஆளெடுக்கும் அலுவலகங்களும் ஒப்பந்தப்புள்ளி கோரும் துறைகளும் சான்றிதழ்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு தகுதியை அளக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். சான்று குறைந்தபட்சத் தகுதியைக் காட்டும் என்று முன்னர் கண்டோம். அது கட்டடத்தின் அடித்தளமே. அதன்மேல் எழுந்துள்ள கட்டடத்தை அறிய, விண்ணப்பதாரர் எழுதிய மாதிரி அறிக்கை ஒன்றைப் படித்துப் பார்ப்பது பத்துச் சான்றிதழ்களைப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

மூன்றாவதாக, பயிற்சி நிலையங்கள் தம் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். விடைகளை ஒப்பிக்கச் செய்வதை விடுத்து, மற்ற மூன்று விடைகள் ஏன் பொருந்தா என்று மாணவரை வாய்விட்டு விளக்கச் செய்ய வேண்டும். விளக்க முடிந்தவர் தேர்விலும் வெல்வார், பணியிலும் வெல்வார்.

தேர்வுக்கு அமரும் இளைஞர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்வது நன்று. ஒவ்வொரு வினாவின் பின்னாலும் ஒரு வங்கியோ மருத்துவமனையோ அரசு அலுவலகமோ இருக்கிறது. அதன் கதவுக்கு அப்பால், தம் பணமும் தம் நோயின் குறிப்பும் பத்திரமாக இருக்கும் என்று நம்பும் பாமர மக்கள் இருக்கின்றனர். அவர்களுக்குப் பொறுப்பேற்றவர் என்ன முடிவெடுப்பாரோ, அதுவே பெரும்பாலும் சரியான விடையாக அமைகிறது. தேர்வாளர் தேடுவது அந்தப் பொறுப்புணர்வையே.